10 சுற்றுப் பந்தயத்துக்கு எத்தனை லிட்டர் பெட்ரோல் போதும்?

கேள்வி: இரண்டாம்_கியர்

அனைவருக்கும் வணக்கம். இருங்காட்டுக்கோட்டை மெட்ராஸ் இன்டர்நேஷனல் சர்க்யூட்டில் இரண்டாவது ஆண்டாக ஓட்டுகிறேன். என்னுடையது 1,600 சிசி முன்சக்கர இயக்க ஹேட்ச்பேக். டேங்க் கம்பெனியிலிருந்து வந்ததே, கொள்ளளவு 42 லிட்டர். எங்கள் வகுப்பில், அதாவது ஒரே வகைக் கார்களுக்கான போட்டிப் பிரிவில், ஒரு பந்தயம் 10 சுற்று. சுற்று ஒன்றுக்கு 3.717 கிலோமீட்டர் என்பதால் மொத்தத் தொலைவு 37 கிலோமீட்டருக்குச் சற்று மேல். ஒரு சுற்றை ஏறத்தாழ 2 நிமிடம் 6 வினாடியில் முடிக்கிறேன்.

முதல் ஆண்டு முழுவதும், பாதியில் தீர்ந்துவிடுமோ என்ற பயத்தில், ஒவ்வொரு பந்தயத்துக்கும் 30 லிட்டர் நிரப்பினேன். சென்ற சுற்றுப்போட்டியில் பக்கத்து பிட்டில் (தளத்தின் ஓரத்தில் காரைக் கவனிக்கும் இடம்) இருந்த அணியினர் அளவு குறித்த கேனிலிருந்து பார்த்துப் பார்த்து ஊற்றியதைக் கண்ட பிறகுதான், நான் எவ்வளவு வீண்சுமையைச் சுமந்து ஓடுகிறேன் என்ற எண்ணம் வந்தது. அன்று பந்தயம் முடிந்து எடை மேடையில் ஏற்றியபோது, ஓட்டுநரையும் மிச்சமிருந்த பெட்ரோலையும் சேர்த்து, வகுப்பின் குறைந்தபட்ச எடையைவிட என் கார் 14 கிலோ கூடுதலாக இருந்தது.

எனவே குறைக்க விரும்புகிறேன். ஆனால் ஒரு தயக்கம் இருக்கிறது. போன மாதப் பயிற்சியில் பெட்ரோல் முள் கால் பங்குக்குக் கீழே இருந்தபோது, நீண்ட வலது வளைவு ஒன்றில் இருந்து வெளியேறி ஆக்சிலரேட்டரை முழுவதும் மிதித்த இடத்தில், எஞ்சின் கண் இமைக்கும் நேரத்துக்குத் தடுமாறி மீண்டும் பிடித்துக்கொண்டது. அது ஒரே ஒரு முறைதான் நடந்தது. அதைப் பொருட்படுத்த வேண்டுமா? பொதுவாக எந்தக் கணக்கை வைத்து அளவை முடிவு செய்கிறீர்கள்?

மறுமொழி 1: சோழவரம்_ஓடுதளம்

நண்பருக்கு வணக்கம். உங்கள் கேள்விக்குள் இரண்டு கேள்விகள் இருக்கின்றன. கார் எவ்வளவு குடிக்கிறது என்பது ஒன்று. டேங்கில் எவ்வளவு இருந்தால் கடைசிச் சொட்டு வரை தடையில்லாமல் கிடைக்கும் என்பது மற்றொன்று. முதலாவதை மட்டும் சொல்கிறேன். இரண்டாவதை என்னைவிட நன்றாக விளக்கக்கூடியவர்கள் இங்கே இருக்கிறார்கள். அந்தத் தடுமாற்றத்துக்கு அவர்கள் பதில் சொல்லும் வரை தயவுசெய்து அளவைக் குறைக்க வேண்டாம்.

முதலில் முள்ளை மறந்துவிடுங்கள். அந்த முள்ளை நகர்த்தும் சாலைக் காரின் மிதவை, வீட்டுக்குப் போகும் வழியில் பங்க் வருமா என்று பார்ப்பதற்காகச் செய்யப்பட்டது. லிட்டர் கணக்கையும் கூடுமானவரை விட்டுவிட்டுக் கிலோவில் கணக்கிடுங்கள். பெட்ரோல் ஒரு லிட்டர் ஏறத்தாழ 740 கிராம் என்று வைத்துக்கொள்ளலாம். வெப்பம் 10 டிகிரி உயர்ந்தால் அது கனஅளவில் ஏறக்குறைய ஒரு சதவீதம் விரியும். உங்களுடையதைப் போன்ற சிறிய பந்தயத்தில் அந்த வேறுபாடு பெரிதல்ல. ஆனால் எடை மேடையும் கிலோவில்தான் பேசுகிறது, எஞ்சினும் எடையளவில்தான் எரிக்கிறது என்பதால், ஒரே அலகில் எழுதிப் பழகுவது பின்னால் உதவும்.

அளக்கும் முறை இது. டேங்கை முழுவதும் வடித்துவிட்டு 25 லிட்டரை, அதாவது 18.5 கிலோவை, தராசில் நிறுத்து ஊற்றுங்கள். பிட்டை விட்டு வெளியேறும் சுற்று, திரும்பும் சுற்று இரண்டையும் சேர்த்து 10 சுற்று ஓட்டுங்கள். திரும்பி வந்து, எஞ்சின் ஆறிய பிறகு, ஃபியூவல் ரெயிலுக்கு (இன்ஜெக்டர்களுக்குப் பெட்ரோலைப் பகிரும் குழாய்) வரும் குழாயைக் கழற்றி ஓர் உலோகக் கேனுக்குள் விட்டு, பம்பை மட்டும் இயக்கி வடித்து நிறுங்கள். கேனைத் தரையில் வைத்துவிட்டு வடிக்க வேண்டும். கேனுக்கும் காருக்கும் ஒரு கம்பி இணைப்பு இருக்க வேண்டும். தீயணைப்பானோடு ஒருவர் பக்கத்தில் நிற்க வேண்டும். பிறகு அதே 18.5 கிலோவுடன் இரண்டாவது ஓட்டமாக, வெளியேறும் சுற்றும் திரும்பும் சுற்றும் சேர்த்து 3 சுற்று மட்டும் ஓட்டி மறுபடி நிறுங்கள். முதல் ஓட்டச் செலவிலிருந்து இரண்டாவதன் செலவைக் கழித்தால், மெதுவாக ஓட்டிய சுற்றுகள் அடிபட்டுப்போய், முழு வேகத்தில் ஓடிய 7 சுற்றுகளின் செலவு மட்டும் கையில் நிற்கும். பலரும் மொத்தச் செலவை மொத்தச் சுற்றுகளால் வகுத்துவிட்டு, மெதுவான சுற்றுகளும் அதில் கலந்திருப்பதை மறந்துவிடுகிறார்கள். பந்தயத்தில் கார் அந்தக் கணக்கைவிடக் கூடுதலாகக் குடிக்கும்போது, எங்கோ கசிவு இருப்பதாக நினைத்துக் குழாய்களைத் தேடுகிறார்கள்.

பந்தய நாளில் 10 சுற்று மட்டும் ஓடுவதில்லை என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள். கிரிட்டுக்கு (கார்கள் வரிசையாக நிற்கும் தொடக்க இடம்) போகும் சுற்று, தொடங்கும் முன் வரிசையாக ஓட்டும் ஃபார்மேஷன் சுற்று, முடிவுக் கொடி விழுந்த பின் ஆற்றும் சுற்று என்று மூன்று மெதுவான சுற்றுகள் உண்டு. கிரிட்டில் யாராவது எஞ்சின் அணைந்து நின்றால் இன்னொரு ஃபார்மேஷன் சுற்று வரலாம், சிவப்புக் கொடியால் பந்தயம் நின்று மறுபடி தொடங்கலாம். இவற்றுக்காக நான் இரண்டு முழுச் சுற்றின் எரிபொருளைக் கூடுதலாக வைக்கிறேன்.

இதனால் என்ன கிடைக்கும் என்று கேட்பீர்கள். ஃபார்முலா 1 கார்களில் 10 கிலோ எரிபொருள் ஒரு சுற்றுக்குச் சுமார் 0.3 வினாடி என்பது பொறியாளர்கள் வழக்கமாகச் சொல்லும் கணக்கு. தளத்துக்குத் தளம் அது மாறும். நம் கார்களுக்கு இருங்காட்டுக்கோட்டையில் நான் எடுத்த அளவுகளில், 10 கிலோவுக்குக் கால் வினாடி என்ற அளவில் வந்தது. பத்துச் சுற்றில் இரண்டரை வினாடி. நம் வகுப்பில் மூன்றாம் இடத்துக்கும் ஆறாம் இடத்துக்கும் இடையே பல நாட்களில் அவ்வளவுதான் இடைவெளி.

ஆனால் குறைப்பதற்கு முன்பு எடை விதியை மறுபடி வாசியுங்கள். மிச்சமிருக்கும் பெட்ரோலோடு எடை போடுகிறார்களா, வடித்துவிட்டுப் போடுகிறார்களா என்பதை உறுதி செய்யுங்கள். நீங்கள் சொல்வதைப் பார்த்தால் பெட்ரோலோடுதான் போட்டிருக்கிறார்கள். அப்படியானால் உங்களிடம் இருக்கும் 14 கிலோதான் உங்கள் எல்லை. அதற்கு மேல் பெட்ரோலைக் குறைத்தால் அந்த எடையை இரும்புக் கட்டியாகத் தரையில் பொருத்த வேண்டி வரும். அதுவும் வீணல்ல, ஏனென்றால் கட்டியை வேண்டிய இடத்தில் தாழ்வாக வைக்கலாம், அது அலைவதும் இல்லை. ஆனால் வேகம் கூடும் என்று அதை நம்பி இறங்க வேண்டாம்.

எரிபொருளும் எடையும் ஒரே நாளில் எப்படி எல்லாம் விளையாடும் என்பதற்கு, 1985இல் இமோலாவில் நடந்த சான் மரினோ கிராண்ட் பிரியை நான் அடிக்கடி நினைத்துக்கொள்வேன். அந்த ஆண்டு பந்தயத்துக்கு 220 லிட்டர்தான் அனுமதி, நடுவில் நிரப்பவும் கூடாது. முன்னணியில் இருந்த அயர்டன் சென்னாவுக்குச் சில சுற்றுகளே மிச்சமிருந்தபோது எரிபொருள் தீர்ந்தது. அவரிடமிருந்து முதலிடத்தைப் பெற்ற ஸ்டீஃபன் யோஹான்சனுக்கும் உடனே தீர்ந்தது. முதலாவதாகக் கோட்டைக் கடந்த அலன் புரோஸ்டின் கார் எடை மேடையில் 2 கிலோ குறைவாக இருந்ததால் அவரும் நீக்கப்பட்டார். வெற்றி எலியோ டி ஆஞ்சலிஸுக்குப் போனது. இந்த மூவரின் அணிகளிலும் கணக்குத் தெரியாதவர்கள் இருந்திருக்க முடியாது.

மறுமொழி 2: பம்ப்_அழுத்தம்

வணக்கம். அந்தத் தடுமாற்றத்தைப் பொருட்படுத்த வேண்டுமா என்று கேட்டிருக்கிறீர்கள். கட்டாயம் பொருட்படுத்த வேண்டும். அது எஞ்சின் கொடுத்த முன்னெச்சரிக்கை. எனக்கும் ஒருமுறை அது கிடைத்தது, நான் கவனிக்கவில்லை.

டேங்கில் இருப்பது வேறு, பம்புக்கு எட்டுவது வேறு. வளைவில் கார் ஒரு ஜி அளவுக்கு, அதாவது தன் எடைக்குச் சமமாக, பக்கவாட்டு விசையைத் தாங்கினால், டேங்குக்குள் பெட்ரோலின் மேற்பரப்பு 45 டிகிரி சாய்ந்து நிற்கும். ஒரு தட்டையான பாத்திரத்தில் ஒரு விரல் உயரத்துக்குத் தண்ணீர் ஊற்றி அதைப் பாதி சாய்த்துப் பாருங்கள். நடுவில் ஒரு சொட்டும் இருக்காது. பின் சீட்டுக்கு அடியில் இருக்கும் உங்கள் டேங்க் அதே போன்ற தட்டையான பாத்திரம். பம்ப் நடுவில் இருக்கிறது. அதைச் சுற்றி ஒரு சிறிய பிளாஸ்டிக் கிண்ணம் இருக்கும். சாலை வளைவுகளுக்கு அந்தக் கிண்ணத்தில் தங்கும் பெட்ரோல் போதும், வரிப்பள்ளம் இல்லாத ஸ்லிக் டயரோடு நான்கு ஐந்து வினாடி தொடர்ந்து வலப்பக்கம் திரும்பும்போது போதாது. கிண்ணம் காலியானதும் பம்ப் காற்றை உறிஞ்சுகிறது.

இதில் மோசமானது நேரம். வளைவு முழுவதும் ஆக்சிலரேட்டரைப் பாதி மிதித்திருக்கும்போது காற்று உள்ளே போகிறது. அந்தக் காற்றுக்குமிழி, எஞ்சினுக்குள் பெட்ரோலைத் தெளிக்கும் இன்ஜெக்டரை அடையும் நேரம், வளைவிலிருந்து வெளியேறி நீங்கள் முழு மிதியில் இருக்கும் நேரம். எஞ்சினுக்கு அதிகப் பெட்ரோல் தேவைப்படும் அதே கணத்தில் கலவை லீன் ஆகிறது, அதாவது பெட்ரோல் குறைந்து காற்று கூடுகிறது, சிலிண்டர் அளவுமீறிச் சூடாகிறது. நீங்கள் எழுதியிருக்கும் இடம் மிகச் சரியாக அதுதான்.

எனக்கு நடந்ததைச் சொல்கிறேன். எடையைக் குறைக்கும் ஆசையில் ஒரு பந்தயத்துக்கு 14 லிட்டர் மட்டும் ஊற்றினேன். செலவுக் கணக்குச் சரியாகத்தான் இருந்தது, முடிவில் 4 லிட்டர் மிஞ்ச வேண்டும். ஏழாவது சுற்றில் இரண்டு முறை தடுமாறியது. எட்டாவதில் ஒரு பக்கப் புகையோடு நின்றுவிட்டது. பட்டறையில் ஹெட்டைக் கழற்றியபோது மூன்றாவது சிலிண்டரின் பிஸ்டன் தலையில் ஒரு ரூபாய் நாணயம் அளவுக்கு ஓட்டை. அதன் விளிம்பு உடைந்தது போல் இல்லை, மெழுகுவர்த்தி உருகி வழிந்து உறைந்தது போல் இருந்தது. டேங்கைத் திறந்தால் உள்ளே 4 லிட்டருக்கு மேல் பெட்ரோல் இருந்தது. சில கிலோ எடையை மிச்சம் பிடிக்கப் போய் ஒரு எஞ்சினைக் கொடுத்தேன்.

ஆகவே நீங்கள் செய்ய வேண்டியது, எட்டாத பெட்ரோல் எவ்வளவு என்பதைக் கண்டுபிடிப்பது. ஃபியூவல் ரெயிலில் ஒரு பிரஷர் சென்சாரைப் பொருத்தி டேட்டா லாகரில் பதிவு செய்யுங்கள். பயிற்சி நாளில் 14 லிட்டரோடு தொடங்கி இரண்டிரண்டு சுற்றாக ஓட்டி, ஒவ்வொரு முறையும் பிட்டுக்கு வந்து வரைகோட்டைப் பாருங்கள். அழுத்தம் நேர்கோடாக இருக்க வேண்டும். ஏதாவது ஒரு வளைவில் அது முதன்முதலாகக் கீழே குத்தி எழுந்தால் அங்கேயே நிறுத்திவிடுங்கள். எஞ்சின் தடுமாறுவதை நீங்கள் உணரும் வரை காத்திருக்கக் கூடாது, ஏனென்றால் கால் உணரும் முன்பே சென்சார் காட்டிவிடும். பாதி மிதியில் மட்டும் ஓட்டி இதைச் சோதிக்கவும் முடியாது. வளைவில் முழு வேகம் வேண்டும், வெளியேறும்போது மட்டும் மெதுவாக மிதியுங்கள். ஓட்டத்தை நிறுத்திய பின் டேங்கை வடித்து எடை போட்டுப் பாருங்கள். அந்த எடையும் அதற்கு மேல் ஒரு கிலோவும் உங்கள் காருக்கு எப்போதும் இல்லாத பெட்ரோல். அதைச் செலவுக் கணக்கில் தொடவே கூடாது.

டேங்குக்குள் ஃபோம் (பஞ்சு போன்ற நுரைப்பொருள்) அடைத்தால் தீராதா என்று அடுத்துக் கேட்பீர்கள். ஃபோம் தளும்பலைத்தான் அடக்கும். நீண்ட வளைவில் பெட்ரோல் மெல்ல ஒரு பக்கமாகச் சேர்வதை அது தடுக்காது, கொஞ்சம் தாமதப்படுத்தும், அவ்வளவுதான். பல ஆண்டு பழைய ஃபோம் பொடிந்து வடிகட்டியை அடைக்கும் தொல்லையும் உண்டு. சரியான தீர்வு சர்ஜ் டேங்க். பெரிய டேங்கிலிருந்து ஒரு பம்ப், குறுகி உயர்ந்த ஒன்றரை லிட்டர் பாத்திரம் ஒன்றை நிரப்பிக்கொண்டே இருக்கும். அதன் அடியிலிருந்து இன்னொரு பம்ப் எஞ்சினுக்குக் கொடுக்கும். பெரிய பம்ப் சில வினாடி காற்றை உறிஞ்சினாலும் எஞ்சினுக்குத் தெரியாது. ஆனால் எடைக்காக அதைப் போடாதீர்கள். பாத்திரம், இரண்டாவது பம்ப், குழாய்கள் எல்லாம் சேர்த்து 3 கிலோ வரும். அதனால் நீங்கள் குறைக்கக்கூடிய பெட்ரோலும் ஏறக்குறைய அதே எடைதான். எஞ்சின் பிழைப்பதற்காகப் போடுங்கள். காரின் உள்ளே பொருத்துவதானால் ஓட்டுநருக்கும் அதற்கும் இடையே தடுப்பு வேண்டும், அதை ஸ்க்ரூட்டினியில், அதாவது அதிகாரிகளின் தொழில்நுட்பப் பரிசோதனையில், பார்ப்பார்கள்.

இன்னொன்று, வெயில். மிஞ்சும் பெட்ரோலை டேங்குக்குத் திருப்பி அனுப்பும் ரிட்டர்ன் குழாய் உள்ள கார்களில் எஞ்சின் அறையின் சூடு பெட்ரோலோடு டேங்குக்குத் திரும்பி வருகிறது. 30 லிட்டர் அந்தச் சூட்டைத் தாங்கிக்கொள்ளும், 8 லிட்டர் வேகமாகச் சூடேறும். பம்பும் தான் மூழ்கியிருக்கும் பெட்ரோலால்தான் குளிர்கிறது. சென்னை வெயிலில் பிற்பகல் பந்தயத்துக்கும் காலைப் பந்தயத்துக்கும் அழுத்தக் கோட்டை ஒப்பிட்டுப் பாருங்கள்.

சோழவரம்_ஓடுதளம்

மேலே சொன்னதோடு ஒன்றைச் சேர்க்கிறேன். சோழவரம் விமான ஓடுதளத்தில் ஓடிய கார்களில், 1990இல் இருங்காட்டுக்கோட்டைக்கு நாங்கள் மாறிய பிறகும் சில ஆண்டுகள், பெரும்பாலும் கார்புரேட்டர்தான். அதன் மிதவைக் கிண்ணத்தில் எப்போதும் சில வினாடிக்கான பெட்ரோல் தங்கியிருக்கும். பம்ப் ஒரு கணம் காற்றை உறிஞ்சினாலும் கிண்ணம் அதை ஈடுகட்டிவிடும். எனவே அந்தக் காலத்துப் பழக்கத்தை வைத்து யாராவது ‘10 லிட்டர் போதும், நாங்கள் ஓட்டவில்லையா’ என்று சொன்னால், அவர்கள் பொய் சொல்லவில்லை. இன்ஜெக்ஷன் எஞ்சினில் அந்தக் கிண்ணம் இல்லை, அழுத்தம் விழுந்த அடுத்த சுழற்சியிலேயே சிலிண்டருக்குத் தெரிந்துவிடும்.

இரண்டாம்_கியர்

இருவருக்கும் மிக்க நன்றி. பிஸ்டனைப் பற்றிப் படித்ததும் சென்சாருக்குச் சொல்லிவிட்டேன். இன்னும் இரண்டு ஐயங்கள். பங்கில் இப்போது கிடைக்கும் எத்தனால் கலந்த பெட்ரோலால் செலவுக் கணக்கு மாறுமா? ஆண்டு இறுதியில் நண்பர்களோடு சேர்ந்து ஒரு மணி நேரப் பந்தயம் ஒன்றில் ஓட்டும் எண்ணம் இருக்கிறது. அதில் சிக்கனமாக ஓட்டுவது எப்படி?

மறுமொழி 3: மணிக்கணக்கு

நீண்ட பந்தயங்களே என் விருப்பம் என்பதால் இதற்கு நான் பதில் எழுதுகிறேன்.

எத்தனாலால் கணக்கு மாறும். 2023 பிப்ரவரியில் அறிமுகமாகி இன்று எங்கும் பரவியிருக்கும் 20 சதவீதக் கலவையில், எத்தனாலுக்கு ஒரு லிட்டருக்கான ஆற்றல் பெட்ரோலைவிட ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு குறைவு. ஆகவே கலப்பில்லாத பெட்ரோலோடு ஒப்பிட்டால் அதே வேகத்துக்கு 6 அல்லது 7 சதவீதம் கூடுதலாகத் தேவைப்படும். 10 சுற்றில் அது அரை லிட்டருக்குச் சற்று மேல். ஒரு மணி நேரத்தில் ஏறத்தாழ ஒன்றரை லிட்டர், அதாவது இரண்டு சுற்று. பழைய குறிப்பேட்டில் இருக்கும் எண்ணை நம்பி யாரும் இறங்கக் கூடாது. உங்கள் வகுப்பில் எந்த எரிபொருளுக்கு அனுமதி என்பதை விதிநூலில் பார்த்துவிட்டு, அதே எரிபொருளைக் கொண்டு அளவெடுங்கள். எத்தனால் ஈரத்தை இழுக்கும் என்பதால் ஒரு சுற்றுப்போட்டியில் மிஞ்சியதை அடுத்த போட்டி வரை டேங்கிலேயே விட்டுவைக்கும் பழக்கத்தையும் நிறுத்திவிடுங்கள்.

சிக்கனம் பற்றி. நேர்பாதையின் கடைசி 50 மீட்டரை நினைத்துப் பாருங்கள். முழு மிதியில், உச்ச ஆர்பிஎம்மில், எஞ்சின் அதிகமாகக் குடிக்கும் இடம் அது. அங்கே கூடும் வேகமோ மிகக் கொஞ்சம். அடுத்த கணமே பிரேக்கை மிதித்து அந்த வேகத்தைச் சூடாக்கி வீசிவிடுகிறீர்கள். எனவே பிரேக் குறியீட்டுக்கு முன்பே காலை எடுத்துக் கார் தானாக உருண்டு வர விட்டு, வழக்கத்தைவிடச் சற்றுத் தாமதமாகவும் மென்மையாகவும் பிரேக் பிடித்தால், இழக்கும் நேரத்தைவிட மிஞ்சும் பெட்ரோல் மதிப்புள்ளது. கியர் பூட்டியபடியே காலை எடுக்க வேண்டும், நியூட்ரலுக்குப் போகக் கூடாது. கியரில் இருக்கும்போது சக்கரமே எஞ்சினைச் சுழற்றுவதால், எஞ்சினைக் கட்டுப்படுத்தும் கணினியான இசியு இன்ஜெக்டரை முழுவதும் மூடிவிடும், அந்த நேரத்தில் செலவு சுழியம். நியூட்ரலில் ஐடிலுக்காக ஊற்றிக்கொண்டே இருக்கும்.

எல்லா வளைவிலும் இதைச் செய்யாதீர்கள். நீண்ட நேர்பாதையின் முடிவில் இருக்கும் ஒன்று அல்லது இரண்டு வளைவுகளில் மட்டும் செய்தாலே பெரும்பகுதி கிடைத்துவிடும். மெதுவான வளைவுகளுக்கு இடையில் காலை எடுத்தால் நேரம்தான் போகும். வளைவின் நடுவேகத்தை ஒருபோதும் விட்டுக்கொடுக்கக் கூடாது. அங்கே இழந்ததை மறுபடி பெட்ரோல் எரித்துத்தான் வாங்க வேண்டும். முன்னால் போகும் காரின் காற்றுமறைவில் ஒட்டிக்கொண்டு போவது இன்னொரு வழி. ஒரே வேகத்துக்குக் குறைந்த மிதி போதும் என்பதை டேட்டா லாகரின் ஆக்சிலரேட்டர் பதிவிலேயே பார்க்கலாம், ஆனால் ரேடியேட்டருக்குக் காற்றுக் குறையும் என்பதால் வெப்பமானியில் ஒரு கண் இருக்கட்டும்.

2016 இண்டியானாபொலிஸ் 500 பந்தயத்தில் அலெக்ஸாண்டர் ராஸி இதைத்தான் செய்தார். அது அவருக்கு அங்கே முதல் ஆண்டு. மற்றவர்கள் கடைசியாக ஒருமுறை எரிபொருள் நிரப்ப உள்ளே வந்தபோது அவர் வரவில்லை. ஒரே நிரப்பலில் 36 சுற்றுகளை இழுத்து, கடைசிச் சுற்றில் ஏறக்குறைய உருண்டபடியே கோட்டைக் கடந்தார். அதன் பிறகு காரை இழுத்துக்கொண்டுதான் வர வேண்டியிருந்தது. நிரப்ப வேண்டிய முறை ஒன்றைத் தவிர்த்தால் கிடைக்கும் நேரம், ஓட்டத்தில் சேர்த்துவைக்கக்கூடிய எந்த நேரத்தையும்விடப் பெரிது என்பதால் அந்த முடிவு பலித்தது. உங்கள் ஒரு மணி நேரப் பந்தயத்தில் நடுவில் நிரப்பத் தேவையே இருக்காது. சுற்றுக்கு 0.85 லிட்டர் என்று வைத்தாலும் 28, 29 சுற்றுக்கு 25 லிட்டர்தான் ஆகும். எனவே சிக்கனமாக ஓட்டுவதற்காக அல்ல, தொடக்கத்தில் எவ்வளவு குறைவாக ஏற்றலாம் என்று முடிவு செய்வதற்காகவே இந்தப் பழக்கம் உதவும். சேஃப்டி கார் (விபத்து நேர்ந்தால் எல்லோரையும் மெதுவாக ஓட வைக்க முன்னால் செல்லும் கார்) வந்தால் செலவு பாதியாகக் குறையும், ஆனால் அது வரும் என்று எண்ணிக் குறைவாக ஊற்றுவது சூதாட்டம்.

கடைசியாக ஒன்று. பந்தயம் முடிந்த பின் பரிசோதனைக்கு மாதிரி எடுப்பார்களா, எவ்வளவு எடுப்பார்கள் என்று உங்கள் விதிநூலில் பாருங்கள். 2021 ஹங்கேரி கிராண்ட் பிரியில் இரண்டாவதாக வந்த செபாஸ்டியன் வெட்டலின் காரிலிருந்து ஒரு லிட்டர் எடுக்க வேண்டிய இடத்தில் 0.3 லிட்டர்தான் எடுக்க முடிந்தது. முடிவுப் பட்டியலிலிருந்து பெயரை நீக்கிவிட்டார்கள். 2012 ஸ்பெயினில் லூயிஸ் ஹாமில்டன் தகுதிச் சுற்றில் முதலிடம் பிடித்தும், பெட்ரோல் போதாமல் காரை வழியிலேயே நிறுத்தியதால் கடைசி இடத்திலிருந்து தொடங்க வேண்டியதாயிற்று. ஆற்றும் சுற்றை முடித்துத் தன் சக்தியில் பிட்டுக்கு வந்து சேர்வதும் பந்தயத்தின் ஒரு பகுதி.

மறுமொழி 4: நாலு_மூலை

மற்றவர்கள் எழுதியதில் எனக்கு மறுப்பில்லை, ஒரு குறை மட்டும். உதாரணமாக 12 லிட்டரைக் குறைத்தால் பின்பக்கத்திலிருந்து ஏறத்தாழ 9 கிலோ போகிறது. முன்சக்கர இயக்கக் காரில் பின்பக்கம் ஏற்கெனவே இலேசு. பிரேக் பிடித்தபடி வளைவுக்குள் நுழையும்போது பின்சக்கரம் முன்பைவிடச் சீக்கிரம் நழுவலாம். ஆகவே புதிய அளவின் பாதியை டேங்கில் வைத்து, ஓட்டுநரை உட்கார வைத்து, நான்கு சக்கரத்தின் கார்னர் வெயிட்டை, அதாவது ஒவ்வொன்றின் மீதும் விழும் எடையை, மறுபடி எடுங்கள். முன், பின் சக்கரங்களுக்குப் பிரேக் விசை பிரியும் விகிதமான பிரேக் பயாஸையும் அதன்பின் பாருங்கள். எடை குறைந்ததால் கிடைத்ததையும் டயர் தேய்ந்ததால் போனதையும் குழப்பிக்கொள்ளாமல் இருக்க, ஒரே டயரில் குறைந்த அளவு, கூடிய அளவு, மறுபடி குறைந்த அளவு என்று மூன்று ஓட்டமாகச் சோதியுங்கள். முதலாவதும் மூன்றாவதும் ஒத்துப்போகாவிட்டால் அந்த நாளின் எண்களை எடுத்துக்கொள்ள வேண்டாம்.

இரண்டாம்_கியர்

சென்ற வாரம் இரண்டு நாள் பயிற்சி கிடைத்தது, எடுத்த எண்களை இங்கே பதிகிறேன்.

பங்கில் கிடைக்கும் பெட்ரோலில் 10 சுற்று ஓட்டத்துக்கு 5.6 கிலோ, 3 சுற்று ஓட்டத்துக்கு 1.3 கிலோ. வித்தியாசம் 4.3 கிலோவை 7ஆல் வகுத்தால் சுற்றுக்கு 614 கிராம், லிட்டரில் 0.83. மெதுவான சுற்றுக்கு 350 கிராம். மூன்று மெதுவான சுற்றும் 10 முழுச் சுற்றும் சேர்த்து 7.2 கிலோ, இரண்டு சுற்றுக் கையிருப்போடு 8.4 கிலோ.

அழுத்தச் சோதனையில், எட்டாவது சுற்று வரை 3.5 பார் (அழுத்தத்தின் அலகு) அளவில் அசையாமல் இருந்த கோடு, ஒன்பதாவது சுற்றில் முன்பு தடுமாறிய அதே வலது வளைவில் 2.6 வரை குத்தி எழுந்தது. எனக்கு எதுவும் தெரியவில்லை, எஞ்சின் சத்தத்தில்கூட வேறுபாடு இல்லை. உடனே உள்ளே வந்து வடித்தபோது தராசில் 3.9 கிலோ. அதோடு ஒரு கிலோ சேர்த்து 4.9 கிலோவை எட்டாத பெட்ரோல் என்று எழுதிவைத்திருக்கிறேன்.

மொத்தம் 13.3 கிலோ, சரியாக 18 லிட்டர். முன்பைவிட 12 லிட்டர் குறைவு என்பதால் முடிவில் எடை மேடையில் 5 கிலோ கூடுதலாக நிற்க வேண்டும். மூன்று ஓட்டச் சோதனையில் சராசரி வித்தியாசம் சுற்றுக்கு 0.2 வினாடி. நாலு_மூலை சொன்னது போலவே வேகமான வளைவில் பின்பக்கம் சற்று இளகியது, பின் டயரில் காற்றை ஒரு பிஎஸ்ஐ குறைத்ததும் கட்டுப்பட்டது. சர்ஜ் டேங்கை அடுத்த ஆண்டுக்கு வைத்திருக்கிறேன். அதுவரை, அழுத்தம் 3 பாருக்குக் கீழே போனால் டேஷில் எரியும்படி ஒரு சிவப்பு விளக்கை வைத்து, அது எரிந்தால் அந்த வளைவில் கால் எடுப்பது என்று அணியில் பேசி முடிவு செய்திருக்கிறோம்.